கடல்மட்டத்துக்குக் கீழே சைக்கிளில்



சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு நெதர்லாந்து நாட்டுப்புறத்தில் சுற்றிவந்ததைப் பற்றிப் பேசும்படி வாசகர் வட்டத்து நண்பர்கள் கேட்டார்கள். இந்தப் பயணத்தைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "அது மேடுபள்ளம் இல்லாத நாடு, அங்கே யார் வேண்டுமானாலும் ஓட்டலாம்." நாடு தட்டை என்பது உண்மை. தென்கிழக்கு மூலையில் இருக்கும் வால்சர்பெர்க் குன்றுதான் ஐரோப்பிய நிலப்பரப்பில் நெதர்லாந்தின் உச்சி. அதன் உயரம் 322 மீட்டர். ஆனால் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம் என்ற நிலையை அந்தத் தட்டை நிலம் கொடுத்துவிடவில்லை. 1971-லும் நிலம் இப்படியேதான் இருந்தது. அந்த ஓராண்டில் மட்டும் அந்த நாட்டுச் சாலைகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபத்தைந்து ஆண்டுகளில் கார் பெருகியது. நகரங்களில் வீடுகளை இடித்துச் சாலையை அகலப்படுத்தினார்கள், பழைய சைக்கிள் பாதைகளை எடுத்துவிட்டார்கள். சாலை விபத்தில் தன் சின்ன மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் விக் லாங்கன்ஹோஃப், 1972-ல் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்று தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர்கள் தெருவை மறித்து உட்கார்ந்தார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அடுத்த ஆண்டு எண்ணெய் நெருக்கடி வந்தது. 1973 நவம்பர் 4-இல் தொடங்கி, சில வாரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டத் தடை போட்டது அரசு. நெடுஞ்சாலையில் மக்கள் சைக்கிளில் போனார்கள், குழந்தைகள் உருளைச் சக்கரக் காலணி கட்டிக்கொண்டு விளையாடினார்கள். கார் இல்லாத சாலை எப்படி இருக்கும் என்பதை ஒரு நாடு முழுவதும் ஒரே நாளில் கண்ணால் கண்டது. 1975-ல் சைக்கிளோட்டிகளுக்கென்று தனிச் சங்கம் பிறந்தது. இன்று அங்கே ஏறக்குறைய 1.8 கோடி மக்களுக்கு 2.3 கோடிக்கு மேற்பட்ட சைக்கிள்கள் இருக்கின்றன என்றால், தெருவில் உட்கார்ந்த அந்தப் பெற்றோர்களில் இருந்துதான் கணக்கைத் தொடங்க வேண்டும். சாவு இன்னும் நிற்கவில்லை. ஆண்டுக்கு எழுநூறு பேரையொட்டி இறக்கிறார்கள், அவர்களில் கணிசமானோர் சைக்கிளோட்டிகள், அதிலும் முதியவர்கள். ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளை தனியாகச் சைக்கிளில் பள்ளிக்குப் போகிற காட்சியை எந்தக் கிராமத்திலும் பார்க்கலாம். நாம் விடுமுறைக்குப் போய் ஓட்டுகிற பாதை, அடிப்படையில் அந்தப் பிள்ளைக்காகப் போட்ட பாதை.

தட்டை நிலம் என்றேன். அதில் ஏற்றம் இல்லை, ஆனால் காற்று உண்டு. பெரும்பாலான இடங்களில் மறிக்க மலையோ காடோ இல்லாததால் வடகடலில் கிளம்பும் காற்று தங்குதடையின்றி வயலைக் கடந்து நேரே நெஞ்சில் வந்து மோதும். கூடாரம், படுக்கைப்பை, அடுப்பு, மாற்றுத்துணி எல்லாம் பின்சக்கரத்தின் இருபுறமும் பையாகத் தொங்கும்போது அந்தப் பைகளே காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி ஆகிவிடும். எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் மிதித்தவருக்கு மலையேற்றமே தேவலை என்று தோன்றும். மலையில் உச்சி என்று ஒன்று உண்டு, பிறகு இறக்கம் உண்டு. காற்றுக்கு அப்படி எதுவும் இல்லை. 2013 முதல் அங்கே எதிர்க்காற்றுச் சைக்கிள் பந்தயம் என்றே ஒன்று நடக்கிறது. புயல் வருகிறது என்று வானிலை அறிவிப்பு வந்த பிறகுதான் பந்தயத் தேதியைச் சொல்வார்கள். கியர் இல்லாத, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற ஒரே மாதிரிச் சைக்கிளை எல்லோருக்கும் கொடுப்பார்கள். எட்டரை கிலோமீட்டர் தூரம், கடலணையின் மேல்.

காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுகிறது. ஆகவே போக நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் யோசனை, தென்மேற்கில் இருக்கும் ஸேலந்து மாகாணத்தில் தொடங்கி வடகிழக்காகப் போங்கள் என்பதுதான். காற்று முதுகைத் தள்ளும். திரும்பி வர ரயில் இருக்கிறது. சைக்கிளுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். வாரநாட்களில் காலை, மாலை நெரிசல் நேரத்தில் ஏற்ற விடமாட்டார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்தக் கட்டுப்பாடும் இல்லை. இந்த உரையையும் அந்தத் திசையிலேயே கொண்டுபோகிறேன்.

வழி கண்டுபிடிப்பதைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். பாதைகள் சந்திக்கும் இடங்களுக்கெல்லாம் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். 24-லிருந்து 61-க்குப் போக வேண்டுமென்றால், 61 என்று போட்ட சிறிய பச்சை வெள்ளைப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே போனால் போதும். அங்கே போய்ச் சேர்ந்ததும் வட்டாரத்தின் வரைபடம் ஒன்று நிற்கும். அதைப் பார்த்து அடுத்த எண்ணைத் தேர்ந்தெடுக்கலாம். காலையில் கூடாரத்துக்குள் படுத்தபடியே அன்றைய எண்களை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொள்வோம். மொழி தெரிய வேண்டாம், கைப்பேசியும் வேண்டாம். இந்த ஏற்பாட்டை யோசித்தவர் பக்கத்து பெல்ஜியத்தின் லிம்பர்க் பகுதியைச் சேர்ந்த ஹ்யூகோ போலன் என்ற சுரங்கப் பொறியாளர். நிலத்துக்கடியில் சுரங்க வழிகள் சந்திக்கும் இடங்களுக்கு எண் கொடுக்கும் முறையை அவர் மூடப்பட்ட சுரங்கங்களுக்கு மேலே, வெயிலில், சைக்கிள் பாதைக்குக் கொண்டுவந்தார். 1995-ல் அங்கே தொடங்கியது எல்லை தாண்டிப் பரவி, இப்போது நெதர்லாந்து முழுவதும் இருக்கிறது. வேலை போன ஒரு சுரங்க வட்டாரத்திலிருந்து உலகத்துக்குக் கிடைத்த மிக நல்ல பொருள்களில் இதுவும் ஒன்று என்பேன்.

அதற்கும் முந்தியது ஒன்று உண்டு. காட்டுப் பாதைகள் பிரியும் இடத்தில் முழங்கால் உயரத்தில் காளான் வடிவத்தில் ஒரு வழிகாட்டி நிற்கும். கட்டடக் கலைஞர் லேலிமான் வடிவமைத்தது. அதன் சரிவான தலையில் ஊர்ப்பெயரும் தூரமும் இருக்கும். ஒவ்வொரு காளானுக்கும் தனி எண் உண்டு, அந்த எண் வரைபடத்திலும் இருக்கும். இவற்றை நட்டது 1883-ல் சைக்கிளோட்டிகள் தொடங்கிய சங்கம். அதே சங்கம் இன்று நாட்டின் மிகப் பெரிய காரோட்டிகள் சங்கமாகவும் இருக்கிறது.

இனி, இரவு. நெதர்லாந்தில் கண்ட இடத்தில் கூடாரம் போடக்கூடாது, அது சட்டப்படி குற்றம். ஒவ்வொரு சதுர அடியும் யாரோ ஒருவரின் வயலாகவோ காப்புக்காடாகவோ இருக்கும் நாட்டில் இது நியாயம்தான். அதற்கு ஈடாக, தங்குமிடங்களை நிறையவே வைத்திருக்கிறார்கள். காட்டோரத்தில் இயற்கை முகாம்கள் இருக்கின்றன. நான்கு பேர் படுக்கும் மரக்குடில்கள் இருக்கின்றன. 1984-ல் தொடங்கிய ஓர் அமைப்பில் உறுப்பினரானால், சைக்கிளில் வருபவர்களுக்குக் குறைந்த நிலையான விலையில் படுக்கையும் காலையுணவும் கொடுக்கும் ஆயிரக்கணக்கான வீடுகளின் முகவரி கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்தது விவசாயியின் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிறு முகாம்தான். இருபது, இருபத்தைந்து கூடாரங்களுக்கு மேல் இருக்காது. பல இடங்களில் சைக்கிளில் வருபவர்களுக்கென்று ஒரு மூலைப் புல்தரையை ஒதுக்கி வைத்திருப்பார்கள். கார்க்காரர்களுக்கு இடம் இல்லை என்று சொல்லும் நாளிலும், மிதித்துக் களைத்து வந்தவரை அவ்வளவு எளிதில் திருப்பி அனுப்புவதில்லை.

அப்படி ஒரு மாலையைச் சொல்கிறேன். தொழுவத்துக்குப் பக்கத்தில் பால்குளிர்விப்பானின் ரீங்காரம் கேட்டுக்கொண்டிருந்தது. வீட்டம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்து, காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று சொல்லி, வேலியோரம் கூடாரம் போடச் சொன்னார். அது களிமண் நிலம். முளையைக் கையால் அழுத்தினாலே இறங்கி இறுகிப் பிடித்துக்கொண்டது. வேலிக்கு அப்பால் இருந்த கிடேரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையாக நின்று, நாங்கள் வெங்காயம் நறுக்கி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தன. குளியலறையில் நாணயம் போட்டால் சில நிமிடம் வெந்நீர் வரும். சோப்பு போட்டுக்கொண்ட பிறகு நாணயத்தைப் போடுவதுதான் அங்கே வழக்கமாக வருகிறவர்களின் உத்தி. வாசலில் ஒரு மரப்பெட்டியில் முட்டையும் உருளைக்கிழங்கும் வைத்து, பக்கத்தில் காசு போட ஒரு டப்பா இருந்தது. விற்க ஆள் இல்லை. இரவில் வாய்க்காலிலிருந்து ஈரம் ஏறி, விடியும்போது கூடாரத் துணி நனைந்து கனத்திருந்தது. இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மதியம் எங்காவது வேலியில் விரித்துக் காயவைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஸேலந்தில் தொடங்கச் சொன்னேன் அல்லவா? அங்கே முதலில் பார்க்க வேண்டியது ஔவர்கெர்க் என்ற சிற்றூரில் இருக்கும் வெள்ள நினைவு அருங்காட்சியகம். 1953 ஜனவரி 31 இரவு, உவாவுக்கு நெருங்கிய பெருவோதமும் வடமேற்குப் புயலும் சேர்ந்து கரைகளை உடைத்தன. நெதர்லாந்தில் மட்டும் 1,836 பேர் இறந்தார்கள். உடைப்புகளை அடைக்கக் கடைசியாக மிதக்கவிட்டு மூழ்கடித்த நான்கு பெரிய கான்கிரீட் பெட்டிகளுக்குள்ளேயே இந்த அருங்காட்சியகத்தை அமைத்திருக்கிறார்கள்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு கடல்வாய்களை ஒவ்வொன்றாக அணை போட்டு அடைத்தார்கள். கிழக்கு ஸ்கெல்டே வாயையும் முழுக்க அடைப்பதாகத்தான் திட்டம். மீனவர்களும் சிப்பி வளர்ப்பவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். உப்புநீர் ஏற்றவற்றம் நின்றால் அந்தக் கழிமுகமே செத்துவிடும் என்றார்கள். அரசு இறங்கிவந்தது. 62 எஃகுக் கதவுகள் கொண்ட திறந்த அணை 1986-ல் முடிந்தது. பெரும்புயலின்போது மட்டும் கதவுகள் இறங்கும், மற்ற நாளெல்லாம் கடல் உள்ளே வந்து போய்க்கொண்டிருக்கும். செலவு பல மடங்கு கூடியது. அணையின் மேல் சைக்கிள் பாதை இருக்கிறது. நின்று எட்டிப் பார்த்தால், கதவுகளுக்கு அடியில் ஓதநீர் சுழித்து ஓடுவது தெரியும். அதே கழிமுகக் கரையில் எர்செகே ஊரில் சிப்பி இன்றும் விற்பனைக்கு வருகிறது. பொறியாளர்களின் சாதனை என்று இந்த அணையை உலகம் கொண்டாடுகிறது. அதைத் திறந்த அணையாக ஆக்கிய மீனவர்களின் பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

வடக்கே போகப் போக நிலம் தாழ்கிறது. ரோட்டர்டாமுக்கு வடகிழக்கே ஸைட்பிளாஸ் போல்டரில் கடல்மட்டத்துக்கு 6.76 மீட்டர் கீழே இருக்கும் இடத்தில் ஒரு குறிப்புக்கல் உண்டு. போல்டர் என்பது, கரை கட்டி நீரை இறைத்து எடுத்த நிலம். நாட்டில் கால்பங்குக்குச் சற்று அதிகமான பரப்பு கடல்மட்டத்துக்குக் கீழேதான். இறைப்பது ஒருநாள் நின்றாலும் ஊற்றும் மழையும் சேர்ந்து நிரம்பத் தொடங்கும். கின்டர்டைக்கில் வரிசையாக நிற்கும் 19 காற்றாலைகளைப் படம் எடுக்காமல் யாரும் வருவதில்லை. அவை அழகுக்காக நின்றவை அல்ல, நீர் இறைக்க நின்றவை. இப்போது அந்த வேலையை இயந்திர நீரேற்று நிலையங்கள் செய்கின்றன. இதற்கென்றே பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து நீர் வாரியங்கள் உண்டு. இன்று 21 வாரியங்கள் தனியாக வரி வசூலித்துத் தனியாகத் தேர்தலும் நடத்துகின்றன.

ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பேம்ஸ்டர் போல்டருக்கு வாருங்கள். 1612-ல் ஏரியை வற்றவைத்து எடுத்த நிலம். அதைச் சுற்றி ஒரு வளையக் கால்வாய், கால்வாய்க்குக் கரை. அந்தக் கரை மேல்தான் சைக்கிள் பாதை. வலக்கைப் பக்கம் நீர் தளும்பி நிற்கிறது. இடக்கைப் பக்கம் மூன்று நான்கு மீட்டர் பள்ளத்தில் வீடுகள். கால்வாயில் ஒரு படகு போனது. கீழே ஒரு வீட்டின் தோட்டத்தில் ஒருவர் பீன்ஸ் கொடிக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தார். படகின் அடிப்பக்கம் அவர் தலைக்கு மேலே போயிற்று. அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இந்தப் போல்டருக்கு முதல் போட்டவர்கள் ஆம்ஸ்டர்டாம் வணிகர்கள். அவர்களில் முன்னணியில் நின்ற டிர்க் வான் ஓஸ், 1602-ல் பிறந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவர். பக்கத்தில் இருக்கும் ஹோர்ன், எங்க்ஹவுசன் என்ற அழகான துறைமுக ஊர்கள் இரண்டும் அந்தக் கம்பெனியின் கிளைகளாக இருந்தவை. படிப்படியான முகப்புகள் கொண்ட அந்த வீடுகளைப் பார்த்து வியந்துகொண்டு வரும்போது, நமக்கு ஒரு கணக்கு நினைவுக்கு வந்தாக வேண்டும். பேம்ஸ்டரை வற்றவைத்த அதே ஆண்டுகளில்தான் இந்தக் கம்பெனி பழவேற்காட்டில் கால் ஊன்றியது. அங்கே கட்டிய கோட்டைக்கு ஹெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரால் ஜெல்ட்ரியா என்று பெயர் வைத்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து துணி மட்டும் கப்பலேறவில்லை. பஞ்ச காலங்களில் அடிமைகளாக விற்கப்பட்ட தமிழர்களும் ஆயிரக்கணக்கில் ஏற்றப்பட்டு, கிழக்கிந்தியத் தீவுகளில் இருந்த பத்தாவியாவுக்குப் போனார்கள். பந்தா தீவு மக்களைக் கொன்றொழித்த ஆளுநர் யான் பீட்டர்ஸோன் கூனுக்கு ஹோர்ன் சதுக்கத்தில் சிலை இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களே அதைப் பற்றி இப்போது வாதிட்டுக்கொள்கிறார்கள். நான் அந்தச் சதுக்கத்தில் காப்பி குடிக்க உட்காரவில்லை.

எங்க்ஹவுசனிலிருந்து லேலிஸ்டாடுக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் நீளமான ஓர் அணைக்கரை. இருபுறமும் நீர். இதன் ஒரு பக்கத்தையும் வற்றவைத்து நிலமாக்குவதாகத்தான் கட்டினார்கள். நீண்ட எதிர்ப்புக்குப் பின் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள், ஏரி ஏரியாகவே இருக்கிறது. லேலிஸ்டாட் என்ற பெயர் கோர்னேலிஸ் லேலி என்ற பொறியாளர் நினைவாக வந்தது. தெற்குக் கடல் என்ற உப்புக்கடலை 32 கிலோமீட்டர் அணையால் 1932-ல் மூடி ஏரியாக்கியது அவருடைய திட்டம்தான். அங்கிருந்து வடக்கே போனால், 1942-ல் வறண்ட வடகிழக்குப் போல்டருக்குள் ஷோக்லாந்து. கடலில் தீவாக இருந்த இடம் இது. அலை அரித்துக்கொண்டே வந்ததால் 1859-ல் அரசர் ஆணைப்படி கடைசிக் குடும்பங்களையும் வெளியேற்றினார்கள். இப்போது உருளைக்கிழங்கு வயல்களுக்கு இடையே நீளமான ஒரு திட்டு, அதன்மேல் ஒரு தேவாலயம். பழைய அலைத்தடுப்பு மரங்களின் அருகே நின்றால், காலடியில் கடல் இருக்க வேண்டிய இடத்தில் டிராக்டர் போய்க்கொண்டிருக்கும். இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

நேரம் இருப்பவர்கள் தெற்கே ஹோகே வேலுவே காட்டுக்கு ஒரு சுற்றுப் போகலாம். உள்ளே 1,800 வெள்ளைச் சைக்கிள்கள், யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம், தனிக் கட்டணம் இல்லை. காட்டு நடுவே இருக்கும் அருங்காட்சியகத்தில் வான்கோவின் ஓவியங்கள் ஏறக்குறைய தொண்ணூறு. அங்கே மணல் நிலம், நீளமான முளை கொண்டுபோங்கள்.

வடக்கே ஃப்ரீஸ்லாந்தில் பச்சை கண்ணைப் பறிக்கும். அந்தப் பச்சையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. வளம் ஏற்றி விதைத்த ஒரே வகைப் புல் அது. ஆண்டில் பலமுறை அறுக்கிறார்கள், நிலத்தடி நீரை டிராக்டர் இறங்கத் தோதாகத் தாழ்த்தி வைக்கிறார்கள். புல்வெளியில் முட்டையிடும் கருவால் மூக்கன் அந்த நாட்டின் தேசியப் பறவை. குஞ்சு பறக்கத் தொடங்கும் முன்பே அறுவடை இயந்திரம் வந்துவிடுவதால் அது வேகமாகக் குறைந்துவருகிறது. தாமதமாக அறுக்கிற, வயலில் நீர் நிற்க விடுகிற சில விவசாயிகளும் இருக்கிறார்கள். அவர்கள் வயலோரமாக மே மாதத்தில் போனால் வித்தியாசம் காதிலேயே தெரியும். அத்தனை குரல்கள். அடுத்த வயலில் ஒன்றும் இராது. விவசாயிகளைக் குறைசொல்வது எளிது. போருக்குப் பிறகு, நிறைய உற்பத்தி செய் என்று அவர்களைத் தள்ளியது அரசும் வங்கியும்தான். 2022-ல் தேசியக் கொடியைத் தலைகீழாகக் கட்டிப் போராடிய விவசாயிகளின் கோபத்தில் அந்த நியாயமும் உண்டு.

இந்த வட்டாரங்களில் சின்ன நீர்வழிகளைக் கடக்க ஆளில்லாத ஓடங்கள் இருக்கின்றன. தட்டையான ஒரு மிதவை, நீருக்கடியில் கரைக்குக் கரை ஒரு சங்கிலி, சுற்ற ஒரு கைச்சக்கரம். ஓடம் அக்கரையில் இருந்தால் இக்கரையிலிருந்தே சுற்றி இழுக்கலாம். சைக்கிளை ஏற்றி நாமே சுற்றிக் கடந்து, இறங்கிய பிறகு கம்பிக்கதவைச் சாத்த வேண்டும். ஒரு வயதான தம்பதி அக்கரையில் காத்திருந்தார்கள். எண்பதைத் தாண்டியவர்கள், மின்சார சைக்கிளில் கூடாரத்துடன் வந்திருந்தார்கள். நாங்கள் சேர்ந்ததும் அந்த அம்மா சங்கிலியில் சிக்கியிருந்த நீர்ப்பாசியைக் கையால் எடுத்துப் போட்டுவிட்டுச் சக்கரத்தைச் சுற்ற ஆரம்பித்தார்.

பயணம் முடியும் இடம் லாவர்ஸோக் துறை. அங்கிருந்து ஸ்கீர்மோனிக்கோக் தீவுக்குக் கப்பல் போகிறது. ஏறக்குறைய முக்கால் மணி நேரம். வெளியூரார் காரைத் துறையிலேயே விட்டுவிட வேண்டும், சைக்கிளைக் கொண்டுபோகலாம். தீவைச் சுற்றி 2009-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த வாடன் கடல். வற்றத்தின்போது கண்ணுக்கு எட்டியவரை சேறு, அதில் மேயும் கரைப்பறவைகள். ஜூலை, ஆகஸ்டில் அங்கே முகாமில் இடம் கிடைக்க முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். மே மாதக் கடைசியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ போனால் நெரிசல் இராது. மழை அங்கி, கூடாரத்துக்கு ஒரு கூடுதல் கயிறு, உதிரி டியூப் இரண்டு, காலை நேரத்துக்கு ஒரு கம்பளிச் சட்டை கட்டாயம். வழித்தடத்தின் எண்களை நான் எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து படியெடுத்துக்கொள்ளலாம்.